லயத்துக்குப் பின்னால் நின்ற கரும்பு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எங்கள் தோட்டத்தில் இதைச் சொல்லாத ஆள் கிடையாது. கங்காணி சொல்வார், மருந்து கொடுக்கும் டிரஸர் சொல்வார், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை அக்கா சொல்லும். என் வீட்டுக்காரரைக் கேட்கவே வேண்டாம். சொல்லட்டும். அந்த வாயை வைத்துக்கொண்டு என் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் உருப்படியாகச் சண்டை போட்டேன். அது என் மூன்றாவது பிள்ளையின் உயிருக்காகப் போட்ட சண்டை. அதைச் சொல்ல ஆரம்பித்தால் இந்த வயதிலும் எனக்குக் கை பரபரக்கிறது, குரல் தானாக ஏறுகிறது.

அப்போது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகள் பாதி போயிருந்தன. மலாயாவில் கோப்பெங்குக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். நானும் மச்சானும் அங்கே மரம் வெட்டிக்கொண்டிருந்தோம், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்துக்கொண்டிருந்தோம். மச்சான் என்றால் என் வீட்டுக்காரர். என் அப்பாவுக்கு ஒரே தங்கை, அந்த அத்தை பெற்ற ஒரே மகன். சொந்தம் விட்டுப் போகக்கூடாது என்று எனக்குப் பதினாறு வயதில் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். நல்ல மனிதர்தான். பேச்சு குறைவு. அவர் பேசாததையும் சேர்த்து நானே பேசிவிடுவதால் எங்கள் வீட்டில் குறை ஒன்றும் தெரிந்ததில்லை.

குறை வேறு இடத்தில் இருந்தது. எனக்கு முதலில் பிறந்த இரண்டு பையன்களும் தங்கவில்லை. இரண்டு பேரும் ஒரே மாதிரி போனார்கள். பிறந்து மூன்று மாதம் வரைக்கும் கொழுகொழுவென்று இருப்பான். அப்புறம் வாந்தி வரும். தலையெல்லாம் வேர்த்து, துணி துவண்ட மாதிரி கிடப்பான். வயிறு உப்பும், கை கால் சூம்பும், கண் மஞ்சளாகும். பெரியவன் பத்தாம் மாதம் போனான். சின்னவன் அத்தனை நாள்கூட இருக்கவில்லை. டிரஸர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, ஈரல் கெட்டுவிட்டது, சில வீட்டில் இப்படி வரிசையாகப் போகும், ஏன் என்று பெரிய டாக்டருக்கே தெரியாது என்றார். லயத்தில், எங்கள் கூலி வீட்டு வரிசையில், மற்றவர்களுக்கு ஏன் என்று நன்றாகத் தெரிந்திருந்தது. என் வயிறு சரியில்லை என்றார்கள்.

இப்போது கரும்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரியவனுக்குக் கண் மஞ்சளானபோது மச்சான் லகாட் பக்கம் சீனன் தோட்டம் வரைக்கும் நடந்து போய்க் கரும்புக் கரணை வாங்கி வந்து, எங்கள் லயத்துக்குப் பின்னால் நட்டார். காமாலைக்குக் கரும்புச் சாறு என்று நம் ஆட்களும் சொல்வார்கள், சீனர்களும் சொல்வார்கள். அதில் யாருக்கும் இரண்டு பேச்சு இல்லை. நட்டது வளரும்வரை விலைக்கு வாங்கிக் கொடுத்தார். வளர்ந்த பிறகு வெட்டிச் சீவி, உரலில் நசுக்கி, என் பழைய சேலைத் துண்டில் போட்டுத் தன் கையாலேயே பிழிவார். வீட்டில் ஒரு தட்டைக் கழுவாத மனிதர், அந்த ஒரு வேலையை மட்டும் என்னிடம் விட்டதே இல்லை. அவர் பிழிவார், நான் சங்கில் ஊற்றிப் புகட்டுவேன். இரண்டு பையன்களுக்கும் அப்படித்தான். பையன்கள் போய்விட்டார்கள், கரும்பு மட்டும் புதராக நின்றது.

மூன்றாவது பெண். அவளைப் பிறந்த ஐந்தாம் நாளே தவிட்டுக்கு விற்றுவிட்டோம். பிள்ளை தங்காத வீட்டில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. ஆயாக்கொட்டகை அக்கா ஒரு முறம் தவிட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொண்டது. இனி இது உன் பிள்ளை இல்லை, என் பிள்ளை, நீ எனக்காக வளர்க்கிறாய், எமன் வந்தால் அடையாளம் தெரியாமல் திரும்பிப் போவான் என்றது. மூக்கும் குத்தினோம். எமனை இப்படியெல்லாம் ஏமாற்றிவிட்டு மூன்றாம் மாதம் நான் மறுபடியும் வேலைக்குப் போனேன்.

விடியுமுன் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போகிற வழியில் பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விடுவோம். மதியம் ரப்பர் பால் வாளியைச் சுமந்து நிறுத்துவிட்டு வந்துதான் தூக்குவோம். நடுவில் பிள்ளைக்குப் பசித்தால் டின்பால். கெட்டியாக, வழவழவென்று, ஒரு கரண்டி வாயில் வைத்தால் தொண்டை வரைக்கும் இனிக்கும். அதை வெந்நீரில் கரைத்துப் போத்தலில் கொடுப்பார்கள். டின்பால் குடிக்கிற பிள்ளை என்றால் எங்களுக்கெல்லாம் பெருமை. வெள்ளைக்காரப் பிள்ளை குடிக்கிற பாலாம். ஊரில் நாங்கள் கேப்பைக் கூழ் குடித்து வளர்ந்தோம், நம் பிள்ளையாவது இப்படி வளரட்டுமே என்று வாரக் கடைசியில் கூடுதலாக ஒரு டின் வாங்கி வீட்டிலும் வைத்துக்கொள்வோம்.

ஐந்தாம் மாதம் அவள் வாந்தி எடுத்தாள். இரண்டு முறை பார்த்தவள் ஆயிற்றே, மூன்றாம் முறை யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வேர்வை, துவளல், உப்பின வயிறு. மச்சான் கத்தியை எடுத்துக்கொண்டு கரும்பு வெட்டப் போனார். ஆறாம் மாதம் முடிவதற்குள் கண்ணில் மஞ்சள் ஏறிவிட்டது. அக்கம்பக்கத்தில் பெண்கள் என் முகத்தைப் பார்க்காமல் பேச ஆரம்பித்தார்கள். சாவு வீட்டுக்கு முன்கூட்டியே பழகுகிறார்கள் என்று எனக்குப் புரிந்தது.

அப்போதுதான் அந்த மழை வந்தது. மழை என்றால் மழை! வானம் ஓட்டையாகி ஊற்றியது. கோப்பெங் ரோட்டில் இருந்த மரப்பாலத்தை ஆறு அடித்துக்கொண்டு போய்விட்டது. எங்கள் தோட்டத்துக்குச் சாமான் ஏற்றி வருவது என் சித்தப்பாவின் மாட்டுவண்டி. அப்பாவுக்குக் கடைசித் தம்பி, என்னைவிட ஆறே வயது மூத்தவர், மச்சானுக்கு அவர் தாய்மாமன். பாலம் இல்லாமல் வண்டி கோப்பெங்கிலேயே நின்றுவிட்டது. தோட்டத்துக் கடையில் அரிசியும் கருவாடும் இருந்தன. சர்க்கரை இல்லை, டின்பால் இல்லை. ஈர மரத்தை வெட்ட முடியாததால் வேலையும் இல்லை. லயத்துக்குப் பின்பக்கம் இடுப்பளவு தண்ணீர் நின்றதில் கரும்பு வெட்டவும் போக முடியவில்லை. ஒன்பது நாள் எல்லோரும் வெறும் காப்பியைக் குடித்துக்கொண்டு தொரையைத் திட்டினார்கள்.

நான் பிள்ளையை மடியிலேயே போட்டுக்கொண்டிருந்தேன். கேட்டபோதெல்லாம் என் பால், நடுவில் கொஞ்சம் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணி. வேறு என்ன இருக்கிறது கொடுக்க? மூன்றாம் நாள் வாந்தி நின்றது. மழைச் சத்தத்தில் எனக்கு அது உறைக்கவேயில்லை. ஆறாம் நாள் கால் உதைத்தாள். எட்டாம் நாள் என் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தாள் பாருங்கள், எனக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது, வலியிலும் வந்தது, சந்தோஷத்திலும் வந்தது. மச்சானைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து பார்த்தார். அவர் மூக்கையும் பிடித்து இழுத்தாள்.

பாலம் போட்டார்கள், வண்டி வந்தது, சர்க்கரையும் டின்பாலும் வந்தன, திருவிழா மாதிரி இருந்தது. மறுநாள் வேலை. அக்கா புது டின்னை உடைத்து, இந்தப் பிள்ளைக்குத்தான் முதல் போத்தல் என்று ஆசையாக ஊட்டியிருக்கிறது. மதியம் நான் போய்த் தூக்கும்போது என் மகள் வேர்த்து, வெளுத்து, கண் செருகிக் கிடந்தாள்.

ஆயாக்கொட்டகை இரண்டுபட்டது. அன்றைக்கு நான் கத்திய கத்தலைப் பத்து நெரை மரம் தள்ளி வேலை செய்தவர்கள்கூடக் கேட்டிருக்கிறார்கள். டின்பால்தான் காரணம், என் பையன்களையும் அந்தப் பால்தான் கொன்றது என்றேன். அக்காவுக்குக் கோபமான கோபம். குடிக்க மாட்டேன் என்று உன் பிள்ளைதான் தினமும் அடம் பிடிக்கிறது, நான் கெஞ்சிக் கொஞ்சி மூக்கைப் பிடித்து ஊட்டுகிறேன், கரும்பு தின்னக் கூலி கேட்கிற பிள்ளையை நீதான் பெற்றிருக்கிறாய் என்று அதுவும் கத்தியது. டிரஸர் ஓடி வந்தார். நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"நாப்பது புள்ளைங்க குடிக்குது. எல்லாம் பூசணிக்கா மாதிரி இருக்கு. ஒன் புள்ளைக்கு மட்டும் அது வெசமா?"

என் வாய் அடைத்துப்போன சந்தர்ப்பங்கள் கொஞ்சம்தான். அது ஒன்று. ஆனாலும் விடவில்லை. டின்பாலை நிறுத்தினேன். நான்காம் லயத்தில் ஆடு வைத்திருந்தவர்களிடம் தினமும் அரைப் போத்தல் பால் வாங்கி, காய்ச்சி, சர்க்கரை போட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனேன். சர்க்கரை போட்டு! என் கையாலேயே போட்டேன். சர்க்கரை இல்லாமல் பிள்ளைக்கு யாராவது பால் கொடுப்பார்களா? மஞ்சள் ஏறிய கண்ணைப் பார்த்து மச்சானும் தண்ணி வடிந்த கரும்பை வெட்டிப் பிழிய ஆரம்பித்தார். பிள்ளை இன்னும் மோசமானாள். டிரஸர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், ஆட்டுப்பாலும் விஷமா என்று கேட்டார். நான் தோற்றுவிட்டேன் என்றே நினைத்தேன். இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அதைப் பார்த்து லயமே பயந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சித்தப்பா வீட்டுக்கு வந்தார். அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவருக்கு முத்து முத்தான பல். எங்கள் குடும்பத்தில் பெரியவர்களில் சொத்தைப் பல் இல்லாத ஒரே ஆள் அவர்தான். இன்னொன்று, அவர் இனிப்புத் தொடமாட்டார். கல்யாண வீட்டில் லட்டு வைத்தால் பக்கத்து இலைக்குத் தள்ளிவிடுவார். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று எல்லோரும் கிண்டலடிப்பார்கள். கோப்பெங் நானா காப்பிக் கடையில் அவர் போய் உட்கார்ந்தால் கேட்காமலேயே கோசோங் வந்துவிடும், சர்க்கரை போடாத கறுப்புக் காப்பி. அவர் குணம் அப்படி என்று நாங்கள் விட்டுவிட்டோம்.

அன்றைக்கு நான் இருந்த நிலையில் அதை மறந்து, எல்லார் காப்பியிலும் சர்க்கரையைப் போட்டுவிட்டேன். சித்தப்பா ஒரு வாய் உறிஞ்சினார். உடனே வாசலுக்குப் போய்த் துப்பினார். தலையை இடது பக்கம் திருப்பி, உதட்டைக் குவித்து, நாக்கை வெளியே தள்ளி, முகத்தைக் கோணிக்கொண்டு துப்பினார். நான் சங்கடத்தோடு இந்தப் பக்கம் திரும்பினேன். இங்கே மச்சான் பிள்ளையை மடியில் வைத்து, எனக்குப் பதிலாக அவரே சங்கால் சாறு புகட்டிக்கொண்டிருந்தார். என் மகள் தலையை இடது பக்கம் திருப்பி, உதட்டைக் குவித்து, நாக்கை வெளியே தள்ளினாள். அதே கோணல். அச்சு அசல் அதே முகம்!

எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்றது. ஒன்பது நாள் மழையில் எது இல்லாமல் போனது? டின்பால் மட்டுமா? சர்க்கரையும் இல்லை, கரும்பும் இல்லை. ஆட்டுப்பாலில் என்ன போட்டேன்? பால் இல்லை, பால் இல்லவே இல்லை, இனிப்பு! ஓடிப் போய்ச் சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். இனிப்புச் சாப்பிட்டால் உங்களுக்கு என்ன செய்யும் என்று கேட்டேன். அவர் வெட்கப்பட்டுக்கொண்டு, ஒன்றும் இல்லை, பிடிக்காது என்றார். பிடிக்காதா, ஆகாதா என்று உலுக்கினேன். அவர் மச்சானை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"ஆகாது தாயி. கொஞ்சம் உள்ள போனாக்கூட வேத்து ஊத்தும். கண்ணு இருட்டும், வயித்தப் பெரட்டும். சின்னதுல ஒருக்கா கோயில்ல வெல்லம் தின்னுட்டு விழுந்துட்டேன். நடிக்கிறேன்னு அம்மா வெளக்கமாத்தால அடிச்சுது. அதோட யார்கிட்டயும் சொல்றதில்ல."

நான் அப்படியே பாய்ந்து மச்சான் கையில் இருந்த சங்கைத் தட்டிவிட்டேன். சாறு சுவரெல்லாம் தெறித்தது. அவர் எழுந்து நின்றுவிட்டார். எங்கள் கல்யாணமான நாள் முதலாக அவர் என்மேல் கையை ஓங்கியது அன்றைக்கு ஒரு நாள்தான். அடிக்கவில்லை. கை அந்தரத்தில் நின்றது. காமாலைப் பிள்ளைக்குக் கரும்புச் சாறைக் கொடுக்காதே என்றால் வேறு எதைக் கொடுப்பது, இந்தப் பிள்ளையையும் வாரிக் கொடுக்கப் போகிறாயா என்று கேட்டார். கத்தவில்லை. அவருக்கும் செய்வதற்கு அந்த ஒன்றுதானே இருந்தது!

"எட்டு நாள் குடு மச்சான்," என்றேன். "எட்டே நாள். இனிப்புங்கிறது இது நாக்குல படக்கூடாது. அப்புறம் நீ சொல்றதக் கேக்குறேன். ஆயுசுக்கும் வாயத் தொறக்க மாட்டேன்."

சித்தப்பாதான் தரையில் விழுந்த சங்கை எடுத்துத் துடைத்துக்கொண்டே பேசினார். "மாப்ள, என்னை யாரும் கேக்கலலா. அடிக்கத்தான் செஞ்சாங்க. இது வாயத் தெறக்காம சொல்லிக்கிட்டே இருக்கு. கேட்டுத்தான் பாரேன்."

மச்சான் சங்கை வாங்கி அடுப்பு மேட்டில் கவிழ்த்து வைத்தார்.

அந்த எட்டு நாளும் நான் பெரட்டுக்குப் போகவில்லை. கங்காணி வந்து, பேர் வெட்டிவிடுவேன் என்று மிரட்டினார். வெட்டிக்கொள்ளுங்கள், வேரோடு வெட்டிக்கொள்ளுங்கள் என்றேன். பிள்ளை வாய்க்குப் போகிற ஒவ்வொன்றையும் முதலில் நான் நக்கிப் பார்த்தேன். டிரஸர் கொடுத்த சிவப்பு மருந்தில் விரலை வைத்துப் பார்த்தால், அடப்பாவி மனுஷா, பாகு மாதிரி இனிக்கிறது! சாக்கடையில் ஊற்றினேன். அக்கா மருந்து உரசிக் கொண்டுவந்தது. தேனில் குழைத்திருந்தது. அதையும் ஊற்றினேன். தவிடு கொடுத்து வாங்கியவள் நான், என் பிள்ளைக்கு மருந்து கொடுக்க எனக்கு உரிமை இல்லையா என்று அக்கா வாசலில் உட்கார்ந்து அழுதது. பாவம், அதுவும் பாசத்தில்தான் கொடுத்தது. எல்லோருமே பாசத்தில்தான் கொடுத்தோம்.

இரண்டாம் நாள் ஒன்றும் மாறவில்லை. மூன்றாம் நாள் வாந்தி நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை, ஆனாலும் கண் பட்டுவிடும் என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். ஐந்தாம் நாள் காலையில் அழுதாள். அழுகை என்றால் அப்படி ஒரு அழுகை, ஊரைக் கூட்டுகிற அழுகை. சீக்குப் பிள்ளைக்கு அழத் தெம்பு இருக்காது, மாதக் கணக்கில் முனகல்தான் கேட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டிலிருந்து ஓடிவந்து என்ன ஆச்சு என்று கேட்டார்கள். அழுகிறாள், என் மகள் அழுகிறாள் என்று நான் சிரிக்கிறேன். பித்துப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். மச்சான் அன்று மரம் வெட்டி முடித்த கையோடு, வாளியைக்கூட வைக்காமல் நேராக வீட்டுக்கு ஓடி வந்தார். யாரோ வழியில் சொல்லியிருக்கிறார்கள். மூச்சு வாங்க வாசலில் நின்று, இன்னொரு முறை அழச் சொல் என்றார்.

எட்டாம் நாள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக டிரஸரிடம் போனேன். அவர் வயிற்றை அமுக்கினார், கண்ணை இழுத்துப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார். மஞ்சள் வடிய ஆரம்பித்திருந்தது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று சொல்வார்கள் அல்லவா, அதுதான், கொஞ்சமாகக் கொடுத்திருக்க வேண்டும் என்றார். அளவே வேண்டாம் ஐயா, இந்தப் பிள்ளைக்கு ஒரு சொட்டும் நஞ்சுதான் என்றேன். அவர் சிரிக்கவில்லை. நாற்பது பிள்ளையில் ஒன்றுக்கு மட்டும் ஏன் என்று தனக்குத் தானே கேட்டுக்கொண்டார். நல்ல மனிதர். அதற்குப் பிறகு பிள்ளை வாந்தி எடுக்கிறது என்று யார் வந்தாலும், முதலில் என்ன கொடுத்தாய் என்று கேட்பார்.

அந்தக் கேள்விக்குப் பதில் எனக்கு ரொம்பப் பின்னாடிதான் கிடைத்தது. வெள்ளைக்காரன் போய், தோட்டமும் கைமாறி, நாங்கள் ஈப்போவுக்குக் குடிவந்த பிறகு, மகளைக் காட்டப் போன இடத்தில் ஒரு பெரிய டாக்டர் என் எதிரே உட்கார்ந்து காகிதத்தில் கோடு போட்டு விளக்கினார். பழத்திலும் சர்க்கரையிலும் இருக்கிற இனிப்பைப் பிரித்து எடுக்கிற சத்து சில பேர் ஈரலில் பிறவியிலேயே இருக்காதாம். இனிப்பு உள்ளே போகப் போக ஈரல் கெடும். தாயிடம் பாதிக் குறை, தகப்பனிடம் பாதிக் குறை, அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு பாதியும் ஒரு பிள்ளையிடம் வந்து சேர்ந்தால்தான் வினை. நீங்கள் சொந்தத்தில் கட்டினீர்களா என்று கேட்டார். எனக்கு நாற்காலியில் இருக்கை கொள்ளவில்லை. டாக்டர், இதை ஒன்பது நாள் மழையில் நானே கண்டுபிடித்தேன் டாக்டர் என்றேன். அப்பா வழியில் எனக்கு வந்தது, அத்தை வழியில் அவருக்கு வந்தது, சித்தப்பாவுக்கு முழுசாக வந்தது. அப்படியானால் சித்தப்பா எப்படிப் பிழைத்தார்? அவர் பிறந்தது பஞ்சத்தில். மூன்று வயது வரை தாய்ப்பாலும் கூழும்தான். வெல்லம் வாங்க வக்கில்லாத வீடு. வறுமை அவரைக் காப்பாற்றியது, என் பையன்களுக்கு டின்பால் வாங்க எங்களுக்கு வசதி இருந்தது.

ஆமாம், என் மகள் பிழைத்தாள். ஒரு வயதில் நடந்தாள், இரண்டு வயதில் என்னை எதிர்த்துப் பேசினாள். சித்தப்பா கோப்பெங்கிலிருந்து வரும்போதெல்லாம் அவளுக்கு முறுக்கு வாங்கி வருவார். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து கடித்துத் தின்பார்கள். ஆனால் நான் சொல்ல வந்தது இதெல்லாம் நடப்பதற்கு முன்னால், பிள்ளை தேறிய இரண்டாம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையைப் பற்றி.

அந்த இரண்டு மாதமாக மச்சானுக்கு வாய் முளைத்துவிட்டது. கள்ளுக்கடையில், பெரட்டில், ஸ்டோரில், போகிற இடமெல்லாம் நம் வீட்டுக்காரிதான் கண்டுபிடித்தாள், டிரஸருக்கே தெரியாததைக் கண்டுபிடித்தாள் என்று பேச்சு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றைக்கும் பிள்ளையை மடியில் நிறுத்தி வைத்துக் குதிக்கவிட்டுக்கொண்டிருந்தார். அவள் அவர் மீசையைப் பிடித்துத் தொங்கினாள். நான் மீன் கழுவிக்கொண்டே ஏதோ வளவளவென்று பேசிக்கொண்டிருந்தேன். அவர் சிரிப்புச் சத்தம் நின்றுபோனது. திரும்பிப் பார்த்தேன். பிள்ளையைப் பார்க்காமல் பின்வாசல் வழியாகக் கரும்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏ புள்ள," என்றார். "அப்ப பசங்க ரெண்டு பேருக்கும் நாந்தானே புழிஞ்சு குடுத்தேன்?"

இந்தக் கேள்வி எனக்கு முதல் நாளே வந்துவிட்டது. சங்கைத் தட்டிவிட்ட அன்று சாயங்காலமே வந்துவிட்டது. பிழிந்தது அவர், புகட்டியது நான். துப்பத் துப்ப, தாடையை அமுக்கிப் பிடித்துப் புகட்டினேன். அந்தக் கேள்வி அவருக்கு வராமல் இருக்கட்டும் என்றுதான் இரண்டு மாதமாக ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தேன்.

தோட்டத்தில் எல்லோரிடமும் நிஜத்துக்காகச் சண்டை போட்ட வாய் அது. அந்த வாயால் சொன்னேன்.

"அது வேற நோய் மச்சான். பசங்களுக்கு வந்தது வெறும் காமாலை. இவளுக்கு வந்தது இது."

அவர் சரி என்றார். பிள்ளையை என் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, மூலையில் சாத்தியிருந்த மண்வெட்டுகிற சங்குலை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். கரும்பை அடியோடு வெட்டிச் சாய்த்தார். அப்புறம் வேரைத் தோண்ட ஆரம்பித்தார். நாலு வருடப் புதர், வேர் எங்கெல்லாமோ ஓடியிருந்தது. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உச்சி வெயில் வரைக்கும் தோண்டினார். ஒரு கணுகூட மிச்சம் விடாமல் கையால் மண்ணைத் துழாவிப் பொறுக்கினார். நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் போய் நின்றேன்.

அவர் நிமிரவில்லை. "எலி வருது புள்ள," என்றார். "கரும்பு இருந்தா எலி வருது. அதான்."

ஆமாம் மச்சான், எலி அதிகமாகத்தான் ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டு, வேரை அள்ளிப் போட நான் கூடையை எடுத்துக்கொண்டு போனேன்.